கிராம்பு மட்டும் தெரிந்த இயந்திரம்

டாக்டரம்மாவின் மூக்கு வேலைநிறுத்தம் செய்தது ஒரு சாதாரணக் காய்ச்சலுக்குப் பிறகு. காய்ச்சல் வந்த வழியே போனது. போகிற போக்கில் வீட்டிலிருந்த வாசனைகளையெல்லாம் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டது. காபி வெந்நீரானது. சோப்பு வழுக்குகிற கல்லானது. வீட்டையே யாரோ கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, தன்னை மட்டும் வெளியே நிற்கவைத்த மாதிரி இருக்கிறது என்று டாக்டரம்மா சொன்னார்.

மூக்கு போனதைவிடப் பெரிய கஷ்டம் ஒன்று இருந்தது. வீட்டில் மிச்சமிருந்த ஒரே மூக்கு அவர் கணவருடையது.

கணவர் இன்ஜினியர். உடம்புச் சூடு, ரத்த ஓட்டம், மூச்சுக் காற்று என்று மனித உடம்பில் எதையெல்லாம் அளக்க முடியுமோ அதற்கெல்லாம் கருவி செய்து பிழைத்தவர். ஓய்வு கொடுத்து அனுப்பியபோது கருவிகளையெல்லாம் ஆஸ்பத்திரியில் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். அளக்கிற பழக்கத்தை வாங்கிக்கொள்ள மறந்துவிட்டார்கள். அன்றிலிருந்து கதை அளக்கிறார்.

"என்னங்க, இந்தப் பாலைக் கொஞ்சம் மோந்து பாருங்க. கெட்டுப்போச்சா?"

இன்ஜினியர் பாத்திரத்துக்குள் முகத்தை விட்டு, நிதானமாக மூச்சை இழுத்து, நிமிர்ந்தார்.

"நேத்தே பாத்திரத்தை விட்டு எறங்கி வாசல் வரைக்கும் போயிருக்கு. அப்புறம் உன் மேல பாசத்துல திரும்பி வந்திருக்கு."

"குடிக்கலாமா, கூடாதா? அதை மட்டும் சொல்லுங்க."

"குடிக்கலாம். ஆனா குடிக்கிறதுக்கு முன்னாடி அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறது மரியாதை."

இப்படிச் சொன்னால் மனுஷி என்ன செய்வார்? நல்ல பாலைக் கொட்டினார். கெட்ட பாலில் காபி போட்டார். இரண்டுக்கும் சேர்த்து இன்ஜினியரைத் திட்டினார். திட்டு ஜோராக நடந்துகொண்டிருந்த வரைக்கும் இன்ஜினியர் சந்தோஷமாகத்தான் இருந்தார். கல்யாணம் ஆன நாளிலிருந்து திட்டு வாங்கி வாங்கி அவர் உடம்பு அதற்குப் பழகியிருந்தது.

பிறகு ஒருநாள் திட்டு நின்றது. பாலைப் பற்றி டாக்டரம்மா கேட்பதை விட்டுவிட்டார். முன்பெல்லாம் மழை வருவது வானத்துக்குத் தெரிவதற்கு முன்னால் டாக்டரம்மாவுக்குத் தெரியும். "மண்வாசனை வருது, துணியை எடுங்க" என்று குரல் வரும். இப்போது கொடியில் கிடந்த துணி கண்ணெதிரே நனைந்தது. அவர் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். இன்ஜினியருக்கு அப்போதுதான் உறைத்தது. போனது மூக்கு மட்டும் இல்லை. அதன் பின்னாலேயே டாக்டரம்மாவும் கொஞ்சம் கொஞ்சமாகக் கிளம்பிக்கொண்டிருக்கிறார்.

வைத்தியம் நடக்காமல் இல்லை. இருவரும் வேலை பார்த்த அதே ஆஸ்பத்திரியில் இப்போது மூக்குக்கென்றே ஓர் ஆய்வுக்கூடம். அதன் தலைவி மூக்கு டாக்டர், சின்ன வயசுப் பெண். அவளுக்குக் கீழே கம்ப்யூட்டர்காரர்கள், மின்னணுக்காரர்கள், மனசைப் படித்தவர்கள் என்று ஒரு கலவைக் கூட்டம். அவள் டாக்டரம்மாவிடம் நான்கு சின்னப் புட்டிகளைக் கொடுத்திருந்தாள். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூக்கலிப்டஸ். காலையும் மாலையும் ஒவ்வொன்றாக மோந்து பார்க்க வேண்டும். எவ்வளவு ஆழமாக இழுக்கிறார் என்று கணக்குப் பார்க்க மூக்குத் தண்டில் ஒட்டிக்கொள்ள ஒரு மெல்லிய பட்டையும் உண்டு.

"நரம்பு மறுபடி முளைக்கும், மேடம். ஆனா சும்மா மோந்தா போதாது. மோக்கும்போது அந்த வாசனை எப்படி இருந்துச்சுன்னு மனசுல கொண்டுவரணும். ஞாபகம்தான் நரம்புக்கு வழி காட்டும்" என்று அவள் சொல்லியிருந்தாள்.

டாக்டரம்மா பல மாதம் சிரத்தையாக மோந்தார். நான்கு புட்டியும் நான்கு வெறுங்காற்று. ஞாபகமும் வரவில்லை. ரோஜா என்று நினைத்தால் சிவப்பு வந்தது, வாசனை வரவில்லை.

"எத்தனை பேருக்கு 'பொறுமையா இருங்க'ன்னு சொல்லியிருப்பேன். அது எவ்வளவு எரிச்சலான வார்த்தைன்னு இப்பத்தான் தெரியுது" என்றார் ஒரு காலையில். புட்டிகளை ஒரு பையில் போட்டு இன்ஜினியர் கையில் கொடுத்தார். "போய்த் திருப்பிக் குடுத்துட்டு வாங்க. அந்தப் பொண்ணு வேற யாருக்காவது குடுக்கட்டும்."

"இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமே, டாக்டரம்மா."

"போதும்ங்க." அதில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. சாதாரணமாக அவர் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். இப்போது நிற்க இடமில்லாமல் அதுவும் போய்விட்டது போலிருக்கிறது.

இன்ஜினியர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினார். ஆய்வுக்கூடம் இருந்த கட்டடம் அவருக்குப் புதிதல்ல. பளபளவென்று கண்ணாடி போட்டு மாற்றியிருந்தாலும், அது அந்தக் காலத்துச் சலவைக் கட்டடம்தான். கண்ணாடிக் கதவு தானாகத் திறந்தபோது, வேகவைத்த போர்வையின் ஆவி முகத்தில் அடிக்கும் என்று எதிர்பார்த்து அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குளிர்ந்த காற்று வந்தது. கொஞ்சம் ஏமாற்றமாக இருந்தது.

மூக்கு டாக்டர் பையை வாங்கிக்கொள்ளவில்லை.

"சார், திருப்பிக் குடுக்காதீங்க. சிலருக்கு லேட்டாத்தான் வரும். வரும்போது முதல்ல தாறுமாறா வரலாம். இல்லாத வாசனைகூட வரலாம். கருகற மாதிரி, அழுகின மாதிரி. மேடத்துக்கும் சொல்லியிருக்கேன்." பிறகு கேட்டாள்: "இந்த நாலுல அவங்களுக்கு எதோட பெரிய ஞாபகம் இருக்கு?"

"கிராம்புதான்" என்றார் இன்ஜினியர். "கிராம்பு எங்களுக்குச் சொந்தக்காரன் மாதிரி. இதே ரூம்ல பிடிச்ச சொந்தம்."

"இந்த ரூம்லயா?"

அவ்வளவு போதாதா? இன்ஜினியர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அந்தக் காலத்தில் ஆஸ்பத்திரிக்குப் புதுச் சலவைக்கூடம் வந்து, பழையது காலியாகக் கிடந்தது. யாரோ ஒரு புண்ணியவான் மேலிடத்தில் உட்கார்ந்து, வெவ்வேறு படிப்புப் படித்தவர்களை ஒரே அறையில் போட்டுப் பூட்டினால் ஏதாவது பிறக்கும் என்று முடிவு செய்தார். அப்படித்தான் கூட்டு ஆய்வுக்கூடம் பிறந்தது. வாசலில் பலகை மாட்டியும் வார்டு ஆட்களுக்குப் பழக்கம் போகவில்லை. ஜன்னல் வழியாக அழுக்குப் போர்வைகளை வீசிவிட்டுப் போய்க்கொண்டேயிருந்தார்கள். இன்ஜினியர் சொன்ன கணக்குப்படி, மிக நுட்பமான ஆராய்ச்சிகளில் பாதி ஏதாவது ஒரு போர்வைக்குள்ளிருந்தபடிதான் நடந்தது.

முதலில் அங்கே வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் இன்ஜினியர். இன்னொருவர் வேதியியல்காரர், அவரை எல்லோரும் அமிலம் என்றே கூப்பிட்டார்கள். அவர் பேச்சு பட்ட இடம் பொத்துப்போகும். இருவரும் சேர்ந்து, நோயாளியின் மூச்சை மோந்து பார்த்தே சிறுநீரகக் கோளாறைச் சொல்கிற இயந்திரம் செய்யக் கிளம்பினார்கள். மர அலமாரி அளவுக்கு ஒரு பெட்டி. உள்ளே விரல்நகம் போன்ற உலோகத் தகடுகள், அவற்றைச் சூடாக்கக் கம்பிகள், மூச்சு இழுக்க ஒரு பம்பு. வெளியே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. பச்சை என்றால் வீட்டுக்குப் போகலாம், சிவப்பு என்றால் படுக்கையைப் போடு. பெட்டிக்கு மூக்கன் என்று பெயர் வைத்தார்கள்.

முதல்முதலாக மின்சாரம் கொடுத்த அன்று மூக்கன் செய்த முதல் காரியம், எரிந்தது. யார் வயரைத் தப்பாக மாட்டியது என்று இன்ஜினியரும் அமிலமும் பெட்டிக்கு முன்னால் நின்று சண்டை போட்டுக்கொண்டிருந்ததால் இருவருக்கும் அது தெரியவில்லை. முற்றத்துக்கு அந்தப் பக்கம் சிறுநீரக வார்டிலிருந்து ஒரு பெண் டாக்டர் வேகமாக வந்தார். கழுத்தில் குழாய், கன்னத்தில் ஏதோ ஒதுக்கி வைத்த மாதிரி ஒரு புடைப்பு.

"ஏதோ கருகுது. சுவிட்ச் செய்யற பேக்லைட் மாதிரி. உங்க ரெண்டு பேருக்கும் மூக்கு இருக்கா, இல்ல அதைத்தான் பெட்டியில செய்யறீங்களா?"

"அவ்வளவு தூரம் அந்த வாசனை எப்படிம்மா வந்துச்சு?" என்று அமிலம் வாயைப் பிளந்தார்.

"வந்துச்சு. முதல்ல சுவிட்சை அணைங்க."

அணைத்தார்கள். இப்படியொரு மூக்கு எதிரணியில் இருப்பது ஆபத்து என்று அன்றே டாக்டரம்மாவையும் ஆய்வுக்கூடத்தில் சேர்த்துக்கொண்டார்கள்.

சேர்ந்ததும் அழுத்தத்தைப் பற்றி மூவரும் ஒரு வாரம் பேசி, ஒருமனதாக ஒத்துப்போனார்கள். அதற்குப் பிறகுதான் தெரிந்தது, டாக்டரம்மா பேசியது ரத்தத்தை, அமிலம் பேசியது வாயுவை, இன்ஜினியர் பேசியது மின்சாரத்தை. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். அன்றிலிருந்து ஒவ்வொரு பெரிய விஷயத்தையும் ஒருவருக்கொருவர் விளக்கிச் சொன்னார்கள். நரம்பு, வால்வு, மூலக்கூறு, மின்தடை, எதையும் விடவில்லை. பிளாஸ்டிக் பையை எப்படித் திறப்பது என்பதை மட்டும் யாரும் யாருக்கும் சொல்லவில்லை. அதெல்லாம் ஒரு விஷயமா?

மூச்சைப் பிடித்து வர மெல்லிய பைகள் இருந்தன. அவற்றின் வாய் ஒட்டிக்கொள்ளும். ஆரோக்கியமானவர்களின் மூச்சை வாங்கி வருவது இன்ஜினியர் பொறுப்பு. அவர் காற்றுக் குழாயால் ஓர் அடி அடித்துப் பையைத் திறப்பார். நோயாளிகளின் மூச்சு டாக்டரம்மா பொறுப்பு. அவர் பையை வாயில் வைத்து 'ப்பூ' என்று ஓர் ஊது ஊதித் திறந்து, "இதோ, இப்படி ஊதணும்" என்று நோயாளிக்குக் காட்டிவிட்டுக் கொடுப்பார்.

மூக்கன் வேலை செய்தான் பாருங்கள், அப்படி ஒரு வேலை. நோயாளி என்றால் சிவப்பு. நல்லவர் என்றால் பச்சை. ஒரு தப்புக்கூட இல்லை. ஒரு தப்புக்கூட இல்லை என்றபோதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்; அவர்கள் இனிப்பு வாங்கிச் சாப்பிட்டார்கள்.

மேலிடத்திலிருந்து குழு வந்தது. தலைவரோடு நல்ல கனமான ஆட்கள். மதியம் மூக்கு முட்டச் சாப்பாடு. சாப்பிட்டு முடித்தவர்களுக்கு டாக்டரம்மா தன் சின்ன டப்பாவை நீட்டி ஆளுக்கொரு கிராம்பு கொடுத்தார். "வாய்க்கு நல்லது, போட்டுக்கோங்க." போட்டுக்கொண்டார்கள். பிறகு, இயந்திரத்தைக் காட்டுவதற்குக் குழுவினரையே ஊதச் சொன்னார் இன்ஜினியர். தலைவர் ஊதினார். சிவப்பு. அடுத்தவர் ஊதினார். சிவப்பு. வரிசையாக எல்லோருக்கும் சிவப்பு.

"குழுத் தலைவர் அப்படியே ஒரு போர்வை மேல உட்கார்ந்துட்டாரு. வீட்டை யார் பேருக்கு எழுதறதுன்னு சத்தமா யோசிக்க ஆரம்பிச்சுட்டாரு. இன்னொருத்தர், ரொம்ப நாளாப் பேசாத தம்பிக்குப் போன் போட்டு அழுதாரு. அன்னைக்குச் சேர்ந்த அண்ணன் தம்பி இன்னும் பிரியலை. மூக்கன் செஞ்ச ஒரே வைத்தியம் அதுதான்" என்றார் இன்ஜினியர்.

ரத்தத்தைச் சோதித்தால் எல்லோருடைய சிறுநீரகமும் புதுசு மாதிரி இருந்தது. மூவரும் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தார்கள். கடைசியில் அமிலம் எழுந்து போய், நோயாளிகளின் பை ஒன்றை அவிழ்த்து மூக்கருகே வைத்தார். அவ்வளவு காலமும் பக்கம் பக்கமாக வரைபடம் போட்டார்களே தவிர, பையை ஒருவரும் மோந்து பார்த்ததில்லை. இன்னொரு பை. இன்னொன்று. அமிலத்தின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது.

"யோவ், இது சிறுநீரகம் இல்லய்யா. இது டாக்டரம்மாவோட கடைவாய்ப்பல்."

டாக்டரம்மாவுக்குச் சொத்தைப்பல். எவ்வளவு பெரிய வியாதியையும் நேருக்கு நேர் நின்று பார்க்கிறவர், மாடியிலிருந்த பல் டாக்டரிடம் போகப் பயந்து, வலிக்கிற பல்லில் ஓயாமல் கிராம்பை ஒதுக்கிக்கொண்டே காலத்தை ஓட்டியிருக்கிறார். அவர் ஊதித் திறந்த ஒவ்வொரு பையிலும் கிராம்பு. மூக்கன் சிறுநீரகத்தைப் படிக்கவேயில்லை. உலகத்திலேயே ஒரே ஒரு பெண்மணியின் ஒரே ஒரு பல்லை வெகு துல்லியமாகப் படித்திருந்தான்.

ஆய்வுக்கூடத்தை மூடினார்கள். ஆளுக்கொரு பக்கமாகப் போகச் சொன்னார்கள். டாக்டரம்மா சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் உட்கார்ந்திருந்தபோது, "வாங்க, முதல்ல அந்தப் பல்லைத் தீர்த்துக் கட்டுவோம்" என்று இன்ஜினியர் மாடிக்குக் கூட்டிக்கொண்டு போனார். பல் டாக்டர் பிடுங்குகிற வரைக்கும் டாக்டரம்மா இன்ஜினியரின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பல் வந்துவிட்டது. கை வரவில்லை. கல்யாணத்தில் முடிந்தது.

மூக்கு டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "சார், எங்க கம்ப்யூட்டரும் போன வருஷம் இதையேதான் பண்ணுச்சு. நோயாளிங்க உட்கார்ற நாற்காலி கிறீச்சுங்கும். அது அந்தக் கிறீச்சைப் படிச்சு வெச்சிருக்கு." பிறகு சந்தேகமாகப் பார்த்தாள். "நீங்க சொன்னதுல எவ்வளவு சார் நிஜம்?"

"பல் நிஜம்."

"மூக்கன்?"

"அவனை எங்க போட்டாங்களோ."

"பின்னால ஸ்டோர்ல மர அலமாரி மாதிரி ஒண்ணு கிடக்கு சார். விளக்கு ரெண்டு வெச்சது. சாயங்காலம் பழைய இரும்புக்காரங்க வர்றாங்க..."

இன்ஜினியர் அதற்குள் எழுந்துவிட்டார். புட்டிகளோடு சேர்த்து மூக்கனையும் வீட்டுக்குக் கொண்டுபோனால், கிராம்பின் ஞாபகம் டாக்டரம்மாவுக்குக் கிளம்பாதா? ஞாபகம் கிளம்பினால் நரம்புக்கு வழி தெரியும் என்று இந்தப் பெண்தானே சொன்னாள்?

ஸ்டோரில் மூக்கன் சுவரைப் பார்த்து நின்றான். மேலே தூசி போர்வையாகக் கிடந்தது. இன்ஜினியர் தட்டினார். அவ்வளவு காலத் தூசியும் ஒரேயடியாக அவர் மூக்குக்குள் குடியேறியது. தும்மலில் ஸ்டோர் அதிர்ந்தது. இரண்டு ஆட்களை வைத்து வெளியே தூக்கும்போது மூக்கு டாக்டர் திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"உள்ள இருக்கிற தகடெல்லாம் செத்துப்போயிருக்கும் சார். அழகுக்கு வெச்சுக்கோங்க. ப்ளக்ல மட்டும் சொருகிடாதீங்க."

"சேச்சே" என்றார் இன்ஜினியர். சொருகுவதற்கு நீளமான வயர் வீட்டில் எந்த அலமாரியில் இருக்கிறது என்று அப்போது யோசித்துக்கொண்டிருந்தார்.

வாடகை வேன் ஓட்டுநர் கொஞ்ச தூரம் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கேட்டார். "பின்னாடி இருக்கே, அது என்ன சார்?"

"மூக்கு."

"யாரோடது சார்?"

"என் பொண்டாட்டியோடது. ரிப்பேர்."

அதற்குப் பிறகு ஓட்டுநர் எதுவும் கேட்கவில்லை. வண்டி மட்டும் வேகமாகப் போனது.

வீட்டில் டாக்டரம்மா அதே ஜன்னலோரம். ஆட்கள் மூக்கனைச் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டுப் போனார்கள். டாக்டரம்மா எழுந்து வந்தார். பெட்டியின் பக்கவாட்டில் பெயிண்டால் கோணல்மாணலாக எழுதியிருந்தது: 'டாக்டரம்மா ஊதத் தடை.' ஆய்வுக்கூடம் மூடிய அன்று அமிலம் எழுதியது. அமிலம் போய்ச் சேர்ந்து வெகு காலம் ஆயிற்று. கையெழுத்து மட்டும் அப்படியே முறைத்துக்கொண்டு நின்றது.

"கிறுக்கன்" என்றார் டாக்டரம்மா. விரலால் அந்த எழுத்தின் மேல் மெதுவாகத் தடவினார். "புட்டிகளைக் குடுத்துட்டீங்களா?"

இன்ஜினியர் பையை எடுத்து மேசையில் வைத்தார். "மறந்துட்டேன்."

"மறக்கலை."

"மறக்கலை" என்று ஒப்புக்கொண்டு ஒரு தும்மல் போட்டார். வழிநெடுகத் தும்மியதில் மூக்கு கல்போல அடைத்துக்கொண்டிருந்தது. "டாக்டரம்மா, ஒரே ஒரு பந்தயம். நீ கிராம்பை மோந்து பாரு. அவனும் மோக்கட்டும். யாருக்கு முதல்ல வருதுன்னு பார்ப்போம். உனக்கு வரலைன்னா நாளைக்கே நாலு புட்டியையும் நானே கொண்டுபோய்க் குடுத்துடறேன். அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கமாட்டேன்."

"இதைச் சொருகலாம்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சா?"

"சொருகுங்கன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சிச்சு."

டாக்டரம்மா நம்பவில்லை. ஆனாலும் உட்கார்ந்தார். கிராம்புப் புட்டியைத் திறந்து மூக்கருகே பிடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். இன்ஜினியர் மூக்கனின் குழாய் முனையில் ஒரு கிராம்பைச் செருகி, சுவிட்சைப் போட்டார். பம்பு இருமியது, முனகியது, பிறகு கிழவன் மாதிரி மூச்சு வாங்க ஆரம்பித்தது. விளக்கு எதுவும் எரியவில்லை.

"நெனைச்சுப் பாரு" என்று இன்ஜினியர் ஆரம்பித்தார். "சலவைக் கட்டடம். நீ டப்பாவைத் திறக்கறே. குழு மொத்தமும் வாயில கிராம்போட நிக்குது. தலைவர் ஊதறாரு, சிவப்பு. உடனே தரையில விழுந்து புரண்டு அழறாரு..."

"அழலை. வேர்த்துச்சு, அவ்வளவுதான்."

"சரி, வேர்த்துச்சு. குடம் குடமா. நம்ம ஜன்னல் வழியா அப்பத்தான் ஒரு போர்வை வந்து அவர் தலையில விழுது..."

"அது அமிலம் தலையில விழுந்தது." டாக்டரம்மாவின் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது. "அவர் போர்வையை எடுக்கவே இல்லை. உள்ள இருந்தபடியே 'யார் விளக்கை அணைச்சது'ன்னு கேட்டார்."

"பார்த்தியா, ஞாபகம் வருது. இப்போ கிராம்பு. நல்லா இழு."

டாக்டரம்மா இழுத்தார். மறுபடி இழுத்தார். அவர் நெற்றி சுருங்கியது.

"கிராம்பு வரலை" என்றார்.

இன்ஜினியரின் தோள் இறங்கியது.

"வேற ஏதோ வருதுங்க." டாக்டரம்மா கண்ணைத் திறக்காமல் புட்டியைத் தள்ளி வைத்தார். "கருகற மாதிரி. மெலிசா. பேக்லைட்... அந்த முதல் நாள் வந்துச்சே, அது. அதேதான்." கண்ணைத் திறந்து கணவரைப் பார்த்தார். "உங்களுக்கு வருதா?"

இன்ஜினியர் மூச்சை இழுத்தார். தூசியும் தும்மலும் சேர்ந்து அடைத்த மூக்கில் நூல்கூட நுழையாது. ஒன்றும் வரவில்லை.

'வருது' என்று ஒரு வார்த்தை. வாழ்நாள் முழுக்க எவ்வளவோ அளந்தவருக்கு இது எம்மாத்திரம்? பாத்திரத்தை விட்டு இறங்கி நடந்த பாலைவிடச் சின்னப் பொய். சொன்னால் டாக்டரம்மாவின் முகம் மலரும். ஆனால் அது இல்லாத வாசனையாக இருந்தால்? நாளைக்குத் தெரிந்துபோகும். அதற்குப் பிறகு டாக்டரம்மா எதையும் எப்போதும் அவரிடம் கேட்க மாட்டார். உண்மையை மட்டும் எதிர்பார்த்து வார்டில் நோயாளியிடம் கேட்பாரே, இப்போது அந்தப் பார்வையோடு அல்லவா கேட்கிறார்?

"இல்லை" என்றார் இன்ஜினியர். "எனக்கு ஒண்ணும் வரலை, டாக்டரம்மா."

டாக்டரம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உண்மை சொல்கிறார் என்பது தெரிந்தது. அது புதிய அனுபவமாக இருந்ததால் சந்தேகமே வரவில்லை.

"அப்போ அது இல்லாத வாசனை" என்றார் மெதுவாக. "அந்தப் பொண்ணு சொன்னாளே. கருகல் மாதிரிதான் வரும், ஏமாத்தும்னு." புட்டியின் மூடியை எடுத்துத் திருகினார். நன்றாக இறுகிய பிறகும் திருகிக்கொண்டேயிருந்தார். "பரவாயில்லைங்க. நீங்க உண்மையைச் சொன்னதே போதும்."

இன்ஜினியரால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. பார்வையை அவர் தோளுக்கு மேலே தூக்கி மூக்கனைப் பார்த்தார்.

மூக்கனின் முதுகிலிருந்து மெல்லிய நீல இழையாக ஒன்று எழும்பிக்கொண்டிருந்தது. எழும்பி, வளைந்து, கூரை விளக்கடியில் போய்ச் சுருண்டது.

"புகை" என்றார் இன்ஜினியர்.

"என்ன?"

"புகை, டாக்டரம்மா! எரியறான்! நிஜமாவே எரியறான்!" வயதான காலை எகிறிப் போட்டுக்கொண்டு ப்ளக்கை நோக்கி ஓடினார். அவர் குரலைக் கேட்டால் வீட்டில் விசேஷம் என்று யாரும் நினைப்பார்கள். "உனக்குத்தான் வந்திருக்கு! உனக்கு மட்டும்தான் வந்திருக்கு!"

"இருங்க."

அவர் கை ப்ளக்கில் நின்றது.

"பிடுங்காதீங்க" என்றார் டாக்டரம்மா. திரும்பி மூக்கனுக்கு முன்னால் வந்து நின்று, கண்ணை மூடி, அந்தக் கருகலை நெஞ்சு நிறைய இழுத்தார். கன்னம் நனைந்திருந்தது. "இன்னும் கொஞ்சம். கொஞ்சூண்டு எரியட்டும்."

கடைசியில் சிவப்பு விளக்கு எரிந்ததா இல்லையா என்பதில் அந்த வீட்டில் இன்றுவரை இரண்டு கட்சி. பளிச்சென்று எரிந்து டாக்டரம்மாவுக்கு வணக்கம் வைத்துவிட்டு அணைந்தது என்பது இன்ஜினியர் கட்சி. அவர் தும்மலில் கண்ணுக்குள் பூச்சி பறந்திருக்கும் என்பது டாக்டரம்மா கட்சி. ப்ளக்கைப் பிடுங்கியபோது பம்பு பெருமூச்சு விட்டு நின்றது என்பதில் மட்டும் இருவரும் ஒன்று.

கதவை யாரோ படபடவென்று தட்டினார்கள். மேல்வீட்டுக்காரர், கையில் ஒரு வாளித் தண்ணீரோடு.

"என்னம்மா, ஏதாவது கருகுதா? மேல வரைக்கும் வாசனை வருதே!"

டாக்டரம்மா இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"இப்பத்தான் உங்களுக்கு வருதா?" என்றார். "எனக்கு அப்பவே வந்துடுச்சு."